எல்லாம் தெரிந்த துறைக்கு ஒரு விண்ணப்பம்

வருமான வரித் துறையின் மேலான சமூகத்துக்கு,

பொருள்: தங்களுக்கு முன்பே தெரிந்த கணக்கைத் தங்களிடமே ஒப்பிக்கக் காகிதம் திரட்டுவது குறித்து.

ஜூன் 15-க்குள் படிவம் 16 கொடுத்துவிட வேண்டும் என்று முதலாளிகளுக்குக் கெடு வைத்திருக்கிறீர்கள். அந்தத் தேதியைச் சம்பளக்காரர் மறப்பதில்லை. அலுவலகக் கணக்குப் பிரிவுதான் சில சமயம் மறக்கும். படிவம் வந்த கையோடு அவர் தங்கள் தளத்துக்குள் போய், வரிப் பிடித்தக் கணக்கான 26ஏஎஸ் எடுக்கிறார். அடுத்தது, 2021 நவம்பரில் தாங்கள் கொண்டுவந்த ஆண்டுத் தகவல் அறிக்கை. பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, கூடவே பிறந்த தேதியையும் சேர்த்தால்தான் அது திறக்கும்.

திறந்ததும் ஆள் மிரண்டுபோகிறார். பழைய கம்பெனிக்காகத் தொடங்கி மறந்துபோன சேமிப்புக் கணக்கில் விழுந்த 87 ரூபாய் வட்டி, பத்துப் பங்குக்கு வந்த 35 ரூபாய் டிவிடெண்ட், அவசரத்துக்கு விற்ற மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுகள், எல்லாம் வரிசை கட்டி நிற்கின்றன. மனைவிக்கே சொல்லாமல் போட்ட எஃப்டி கூடத் தங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகு அவரிடம் எதற்குக் கேட்கிறீர்கள்? மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே, ‘தம்பிக்கு மாச வரும்படி எவ்வளவு?’ என்று விசாரிக்கும் பெண் வீட்டு மாமாவின் தோரணை இது. இருவர் கணக்கும் ஒத்துப்போனால் பேச்சில்லை. பிசகினால் மின்னஞ்சல் வரும். போதாக்குறைக்கு, இதில் வராத வரவு செலவும் இருக்கலாம், முழுதாகச் சொல்வது உங்கள் பொறுப்பு என்ற பொருளில் அந்த அறிக்கையிலேயே ஒரு குறிப்பு வேறு.

பழைய வரி முறையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர் பாடு இன்னும் சுவாரசியம். வாடகைப் படிக்கு விலக்கு கேட்கிறார். ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டு ஓனரின் பான் எண் வேண்டும். பத்து மாத அட்வான்ஸை வாய் கூசாமல் கேட்டு வாங்கிய ஓனருக்கு, பான் என்றதும் கூச்சம் வந்துவிடுகிறது. “அதெல்லாம் எதுக்கு தம்பி? மாசம் எட்டாயிரத்து முந்நூறுன்னு ரசீது எழுதிக்க, கையெழுத்துப் போடுறேன்.” பன்னிரண்டு மாதத்துக்கு 99,600. ஆடிட்டரே தோற்றார். அந்த ரசீதிலும், ரொக்கம் 5,000-ஐத் தாண்டினால், ஒரு ரூபாய் ரெவன்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும்.

இப்படித் திரட்டிய கோப்பை எங்கே இணைப்பது? எங்கும் இல்லை. ரிட்டர்னோடு எந்தக் காகிதமும் இணைக்கத் தேவையில்லை என்பது தங்கள் விதி. கேட்டால் காட்டுவதற்கு வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 2025-ல் வந்த படிவம் காப்பீட்டு பாலிசியின் எண்ணையும் எழுதச் சொன்னது. 80சி கழிவின் வரம்பு 2014 முதல் 1.5 லட்சத்திலேயே நிற்கிறது. அதற்குச் சொல்ல வேண்டிய விவரம் மட்டும் வளர்கிறது.

ரிட்டர்ன் கெடு விஷயத்தில் தங்கள் தாராளம் தனி. ஜூலை 31-ஐத் தவறவிடும் சம்பளக்காரருக்கு 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம். 2021 ஜூன் 7-ல் திறந்த தங்கள் புதிய தளமோ முதல் நாளிலிருந்தே மக்கர் செய்தது. ஆகஸ்டில் நிதி அமைச்சகம், அதைக் கட்டிய இன்ஃபோசிஸின் தலைமை அதிகாரியை அழைத்து விளக்கம் கேட்டது. அந்த ஆண்டுக் கெடு டிசம்பர் 31 வரை நீண்டது. 2025-ல் செப்டம்பர் 15 என்று நீட்டி, அன்று இரவு இன்னும் ஒரு நாள் கொடுத்தீர்கள். பலர் அதற்குள் உட்கார்ந்து முடித்துவிட்டுத் தூங்கப் போயிருந்தார்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம். 819 பிரிவுகள் 536 ஆகிவிட்டன. அந்தக் கத்திரி இன்னும் கையில் இருந்தால் ஒரு கோரிக்கை: தங்களிடம் இருக்கும் கணக்கைத் தாங்களே முழுதாக எழுதி அனுப்புங்கள், எஃப்டி உட்பட. விட்டுப்போனதைச் சம்பளக்காரர் சொல்வார். அறிக்கையை மட்டும் வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
சம்பளக்காரர் சார்பில்

இணைப்பு: இல்லை (தங்கள் விதிப்படி)