லீஸ், ரிலீஸ் வேறுபாட்டியல்

1. பிறப்பு

லீஸ், ரிலீஸ் என்னும் ஆங்கிலச் சொற்களுக்கிடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு ‘ரி’ என்ற ஓர் எழுத்தே. தொல்காப்பியம் வகுத்த நால்வகைச் சொற்களில் இவற்றைத் திசைச்சொல்லாகக் கொள்வதில் தடையில்லை. ‘தளர்த்துதல்’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக இரண்டும் பிறந்தன. ஒரு வயிற்றுப் பிள்ளைகளாயினும், உடன்பிறந்தாருக்கே உரிய முறையில், பின்னாளில் சொத்து விஷயத்தில் பிரிந்தன.

ரீசார்ஜ், ரீமேக் போன்றவற்றைக் கண்டு, ரிலீஸ் என்பது மறுபடியும் லீஸ் விடுவது என்று கொள்வாரும் உளர். அது பொருந்தாது. மறுபடி என்ற பொருள் வேண்டும்போது இன்னொரு ‘ரீ’யைச் சேர்க்க நேர்கிறது. 2004-ல் ரிலீஸான ‘கில்லி’ 2024-ல் ரீ-ரிலீஸ் ஆனதே இதற்குச் சான்று.

2. லீஸ்

உடையவர் உடையவராகவே இருக்க, பலனை மட்டும் இன்னொருவர் குறித்த காலத்துக்கு அனுபவிப்பது லீஸ். கம்பம் பள்ளத்தாக்கில் இது மர லீஸ், வீட்டு லீஸ் என இருவகைப்படும்.

தென்னந்தோப்பில் காய் குத்தகைதாரருக்கு, மரம் தோப்புக்காரருக்கு. விழுகிற மட்டை யாருக்கு என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளாதவர்கள் பிறகு நாலு பேரைக் கூட்டிவைத்துப் பேசுகிறார்கள். புளியமரத்தில் பூவையும் பிஞ்சையும் பார்த்தே விலை படிந்துவிடுவதால், உலுக்கும் நாள்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது குத்தகை எடுத்தவரின் பாடு.

வீட்டு லீஸ் ஆராய்ச்சியாளரைத் திணறடிப்பது. சட்டத்தில் லீஸ் என்றால் வாடகை உண்டு. தெருவில் ‘வீடு லீஸுக்கு’ என்று அட்டை தொங்கினால் வாடகை இல்லை என்று பொருள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துக் குடியேறி, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை ஊரார் ஒத்தி என்பர்.

3. ரிலீஸ்

பிடித்து வைத்ததை விட்டுவிடுவது ரிலீஸ். சினிமாப் படம், சிறைக்கைதி, அணைத் தண்ணீர் ஆகிய மூன்றும் ரிலீஸ் ஆகும். பத்திர எழுத்தர் வழக்கில் இது விடுதலைப் பத்திரம். பூர்வீகச் சொத்தில் தங்கைக்குள்ள பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து எழுதுவது இதன் பெருவழக்கு. கேட்டு வருபவரின் கையைப் பார்த்தே வகையை அறியலாம். லீஸ் கேட்பவர் பணத்தோடு வருவார். ரிலீஸ் கேட்பவர் பழத்தோடு வருவார்.

4. இரண்டும் கூடுமிடம்

லீஸும் ரிலீஸும் ஒன்றுசேரும் இடம் முல்லைப் பெரியாறு. 1886 அக்டோபர் 29 அன்று, திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் ஆங்கிலேய அரசுக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், காலம் 999 ஆண்டு. வேண்டினால் மேலும் 999 ஆண்டு நீட்டித்துக்கொள்ளவும் வகையுண்டு. ஜான் பென்னிகுயிக் கட்டிய அணை 1895-ல் நிறைவுற்றது. 1970-ல் குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது.

இந்த லீஸின் பலன் ரிலீஸாகவே கிடைக்கிறது. நீர்மட்டம் கைகொடுக்கும் ஆண்டுகளில், ஜூன் மாதம் தேக்கடித் தலைமதகைத் திறந்து, பொங்கி வரும் தண்ணீரில் பூத் தூவுவார்கள். அது மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தமிழகத்துக்குள் வந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்துவிட்டு, பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயலுக்குப் பாய்கிறது. லீஸ் விட்ட நிலம் மலைமேல் அப்படியே இருக்கிறது. ரிலீஸ் செய்த தண்ணீர் மலையேறித் திரும்புவதில்லை.

5. முடிபு

லீஸ் விட்டது தவணை முடிந்தால் உடையவரிடம் திரும்பும். ரிலீஸ் எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான். ஓராண்டுக்கு மேற்பட்ட லீஸையும், வீடு நிலத்தின் மீதான ரிலீஸையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். கையெழுத்திடுமுன் பத்திரத்தின் தலைப்பில் குத்தகை என்று இருக்கிறதா, விடுதலை என்று இருக்கிறதா என்பதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துக்கொள்வது நல்லது. பழம் வந்திருந்தால் இருமுறை.