முரசு விசாரம்

திரையில் கண்ட ஒரு பொருளை அளவும் வடிவும் வழுவாமல் வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை உலகெங்கும் பரவிவிட்டது. இருந்தும் அதற்குரிய இலக்கணத்தை வகுத்துச் சொல்லும் சாஸ்திரம் எதுவும் நம் கண்ணில் தென்படாமையால், அக்குறையைத் தக்கார் எவரேனும் வந்து தீர்க்கும் வரையில் நாமே தற்காலிகமாக நிவர்த்தி செய்ய முன்வந்தோம். கிரீடம், வாள் போன்றவற்றை எடுத்துக்கொண்டால் ஆராய்ச்சி சீக்கிரத்தில் முடிந்துவிடும் அபாயம் இருந்தது. ஆகவே, ஜெமினி அதிபர் எஸ்.எஸ்.வாசன் தயாரித்து இயக்கி 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளியிட்ட 'சந்திரலேகா'வின் முரசங்களுள் ஒன்றை ஆய்வுப் பொருளாக வரித்துக்கொண்டோம். ஆய்வு நிகழ்ந்த ஸ்தலம், ஜொகூர் மாநிலத்துக் கெலாங் பாத்தாவில் உள்ள ஒரு தாமானின் வரிசை வீட்டுக் கார் போர்ச்.

படத்தைப் பாராத இளைஞர் பொருட்டு விஷயத்தைச் சுருக்கிச் சொல்வோம். வில்லன் சசாங்கனாக வரும் ரஞ்சன், டி.ஆர்.ராஜகுமாரி ஏற்ற சந்திரலேகாவை மணந்தே தீருவதென்று நிற்கிறான். அவளோ, திருமணத்துக்கு முன் முரசு நடனம் ஒன்று நடைபெற வேண்டுமென்று கேட்கிறாள். கலாரசனை மிகுந்த வில்லன் அதற்கு இணங்குகிறான். ஏ.கே.சேகரின் கலை நிர்மாணத்தில் எழுந்த அரண்மனைக்கு முன்னே ராட்சத முரசங்கள் அணிவகுக்க, அவற்றின்மேல் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஆட, ஆட்டம் முடிந்த கணத்தில், எம்.கே.ராதா நடித்த வீரசிம்மனின் படை முரசங்களின் வயிற்றிலிருந்து வெளிப்பட்டுப் பாய்கிறது. சசாங்கன் முரசுகளில் ஒன்றையேனும் தட்டிப் பார்த்திருந்தால் படம் வேறு விதமாக முடிந்திருக்கும். தட்டாமல் விட்டது ஏன் என்பது தனி ஆய்வுக்கு உரியது.

இனி, பிரதி சாஸ்திரத்தின் முதல் சூத்திரத்துக்கு வருவோம். முரசுக்குப் பிரதி வேண்டுமாயின் நல்ல பலா மரத்தைக் கடைந்து, நல்ல தோலைப் போர்த்தி, நாதம் பிறக்கும் முரசு ஒன்றைச் செய்துவிட்டால் போதாதா என்பது பூர்வபக்ஷம். போதாது என்பது மட்டுமன்று, அது பெரும் பிழையும் ஆகும். திரையில் நின்றது முரசன்று. முரசைப் போல நின்ற வேறொன்று. அந்தப் பொய்யைப் பொய்யாகவே, பிசகாமல் செய்வதே பிரதி. மெய்யான பொருளைச் செய்துவிட்டால் அது பிரதியின் லக்ஷணத்தை இழந்துவிடுகிறது.

இதற்கு அயல்நாட்டுப் பிரமாணங்களும் உள. 'சிட்டிசன் கேன்' (1941) படத்தில் வரும் பனிச்சறுக்கு வண்டிகளுள் ஒன்றை 1982-இல் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 60,500 டாலருக்கு ஏலத்தில் எடுத்தாரே, அது பால்சா எனும் மிக லேசான மரத்தால் ஆனது. எளிதில் எரிய வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு செய்தார்கள். அதில் ஒரு பிள்ளையை உட்கார்த்திப் பனியில் தள்ளினால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) குளியலறையில் ஓடிய ரத்தம் சாக்லேட் பாகு. ஆகவே அந்த ரத்தத்தின் சரியான பிரதி தித்தித்தாக வேண்டும். எல்லாவற்றிலும் மேலானது 'மால்டீஸ் ஃபால்கன்' (1941) பறவை. கதையிலேயே அது பொன்னென்று துரத்தப்பட்டு ஈயமென்று தெரியவந்த போலி. அப்படத்துக்காகச் செய்த ஈயச் சிலையொன்று 2013-இல் நியூயார்க் ஏலத்தில் 40 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. போலியின் போலியை வீட்டில் செய்பவன் எதற்குப் பிரதி செய்கிறான் என்ற கேள்வி தத்துவத் துறையைச் சேர்ந்ததாகையால் அதை அத்துறையாரிடமே விட்டுவிடுவோம்.

உள்ளூர்ப் பிரமாணமும் இல்லாமல் இல்லை. நம் போர்ச்சிலிருந்து அதிக தூரமில்லாத இஸ்கண்டார் புத்ரியில், முதலில் பைன்வுட் என்ற பெயருடன் திறக்கப்பட்ட ஸ்டூடியோ இருக்கிறது. 2014-இல் வெளிவந்த 'மார்க்கோ போலோ' தொடருக்காக குப்ளாய் கானின் ராஜசபை அங்கேதான் எழுந்தது. அங்குள்ள மிகப் பெரிய படப்பிடிப்புக் கூடம் 30,000 சதுர அடி. நமக்கு வாய்த்ததோ ஒரு கார் நிற்கும் இடம். அதுவும் கார் வெளியே நின்றால்.

முரசின் பரிமாணத்தையும் வர்ணத்தையும் நிர்ணயிப்பதில் பிரத்தியட்சம், அநுமானம், ஆப்தவாக்கியம் ஆகிய மூன்று அளவைகளையும் கைக்கொண்டோம். படத்தை நிறுத்தி, மேலே ஆடும் பெண்ணின் உயரத்தை ஐந்து அடி என்று கொண்டு, திரைமேல் அடிக்கோல் வைத்து அளந்தது பிரத்தியட்சம். அதில் கிடைத்த விடைகள் காட்சிக்குக் காட்சி மாறியமையால், போர்ச்சின் அகலத்தை உத்தேசித்து எட்டு அடி விட்டம் என்று அநுமானித்தோம். எட்டு அடி விட்டத்துக்குச் சுற்றளவு 25 அடி ஒன்றரை அங்குலம். பிளைவுட் பலகை 8 அடிக்கு 4 அடி என்ற அளவில் வருவதால், மூன்று பலகைகளை வளைத்துச் சுற்றினால் 24 அடி ஆகிறது. மிச்சம் ஓர் அடி ஒன்றரை அங்குலத்துக்கு நான்காவது பலகை வாங்குவது விரயம் என்று கருதி, அவ்விடைவெளியைக் காகிதக் கூழால் நிரப்புவதென்று தீர்மானித்தோம்.

காகிதக் கூழ் நம் பாட்டிமார் முறம் மெழுகிய, கொட்டான் செய்த பழைய வித்தை. தாளைக் கிழித்து ஊறவைத்து, வெந்தயத்தை அரைத்துச் சேர்த்தால் பிடிப்பும் வரும், பூச்சியும் அண்டாது. தாளுக்குப் பஞ்சமில்லை, 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' இதழ்கள் வீட்டில் கட்டுக் கட்டாக இருந்தன. அவற்றில் கைவைக்க மனம் வரவில்லை. ஆங்கில விளம்பரத் தாள்களையே ஊறவைத்தோம். ஈரக்காற்று வீசும் இவ்வூரில் கூழ் காய்வது எளிதன்று; மாலையில் விரலால் அழுத்தினால் மேலே ஓடு போலும் உள்ளே களி போலும் இருந்தது. வெந்தயத்தைப் பொறுத்தவரை, மீன் குழம்பு வைக்க டப்பாவைத் திறந்த இல்லத்தரசி, "உங்க மொரசு சாப்பிட்டது போக மிச்சம் இருக்கா?" என்று கேட்டதைத் தவிர வேறு இடையூறு நேரவில்லை.

ஆணி வாங்கப் போன இடத்தில், ஹார்ட்வேர் கடைச் சீனப் பெரியவர், இத்தனை பெரிய முரசுக்குச் சத்தம் எவ்வளவு வரும் என்று மலாயில் விசாரித்தார். வரவே வராது என்று மகிழ்ச்சியுடன் தெரிவித்தோம். ஆட்டக்காரிகளைத் தாங்கும் மேற்பரப்பு பலகையாக இருந்தாக வேண்டுமே தவிரத் தோலாக இருக்க இயலாது; முரசொலியோ எஸ்.ராஜேஸ்வர ராவின் இசைக்குழுவைச் சேர்ந்த விஷயம். ஆகவே ஊமையாக இருப்பதே இம்முரசின் சுத்தமான லக்ஷணம். அவர் ஆணிக்குக் காசு வாங்குவதற்கு முன் நம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

வர்ணத்தில்தான் பெரும் சிக்கல் எழுந்தது. தமிழில் முழுநீள வண்ணப்படம் 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்த பின்னரே உண்டு; 'சந்திரலேகா'வோ கறுப்பு வெள்ளை. எனவே சாம்பல் நிறமே சாஸ்திர சம்மதம் என்று புறம் முழுவதும் பூசி முடித்தோம். அப்போது, ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய நாளில் இப்படத்தைக் கண்ட பெரியவர் ஒருவர் தெருக்கோடியிலிருந்து வந்து சேர்ந்தார். ஆப்தவாக்கியம் கிட்டிற்று.

"தம்பி, இது செவப்புல்ல?"

"ஐயா, அது கறுப்பு வெள்ளைப் படம்."

"மத்ததெல்லாம் கறுப்பு வெள்ள. மொரசு செவப்பு. நான் கண்ணால பாத்தவன்."

நேரில் கண்டவரின் வாக்கைத் தள்ளுவதும் முறையன்று, படச்சுருளின் சாட்சியத்தைத் தள்ளுவதும் முறையன்று. புறத்தைச் சாம்பலாகவே விட்டு, படைவீரன் ஒளிந்திருக்கும் உட்புறத்துக்குச் சிவப்புப் பூசிச் சமரசம் கண்டோம். பெரியவர் மறுவாரம் வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, திட்டிவாசல் வழியே உள்ளே தலையை விட்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது வேற செவப்பு, தம்பி."

வர்ணக்கடையில் கொடுத்த மாதிரி அட்டையை அவர் முன் விரித்தோம். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கட்டம் கட்டமாக விரலை நகர்த்தி வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, "இதான், இந்தச் செவப்புதான்" என்றார். விரல் நின்றது சாம்பல் கட்டத்தில்.