வாயும் வயிறும் வேறலே

என்னலே பேராண்டி, ஒரு கையில கிண்ணம், ஒரு கையில போன், தோள்ல துண்டு. எங்கன கிளம்பிட்டே? ஓகோ, மகனுக்குச் சோறு ஊட்டவா? நான் என்னமோ குற்றாலத்துக்குக் குளிக்கப் போறேன்னுல்லா நெனச்சேன். செத்த உக்காரு. பிள்ளை ஓடிரும்னு பயப்படாதே. நீ தொரத்துனாத்தான் அது ஓடும். தொரத்த ஆளில்லாம எந்தப் பிள்ளைலே சோத்துக்குப் பயந்து தெருவுல ஓடுது?

ஒம் பொண்டாட்டி நேத்து ஒரு தட்டைக் கொண்டாந்து காட்டுனா. யானை வடிவம். தும்பிக்கையில பருப்பு, வயித்துல சோறு, ஒரு காதுல காய், இன்னொரு காதுல பழம். அதுக்கு மேல கரடியா வெட்டுன தோசை. கேரட்டுல கண்ணு, வெள்ளரிக்காயில மீசை. அழகுதான், இல்லேங்கல. தட்டு வெலையைச் சொன்னா பாரு, எனக்கு அங்கனயே புரையேறிட்டு. ஏம்லே, கண்ணை உருட்டி மொறைச்சுப் பாக்குத தோசையை நீ திம்பியா? ரெண்டு வயசுப் பிள்ளை மட்டும் திங்கணுமாக்கும்.

சரி, விசயத்துக்கு வாரேன். "மொத வருசம் நல்லாத் தின்னான் தாத்தா, இப்பத் திங்கவே மாட்டேங்கான்"னு அழுதியே, ஒரு கணக்குப் போடுவமா? பொறக்கும்போது மூணு கிலோன்னு வச்சுக்கோ. ஒரு வயசுல ஒம்பதுகிட்ட வந்து நிப்பான். மும்மடங்கு. இதே வேகத்துல வளந்துகிட்டே போனா மூணாவது பொறந்தநாளுக்கு 81 கிலோ இருப்பான். நீ எம்புட்டுலே? அறுவத்தஞ்சா? அப்பொறம் யாரு யாரை இடுப்புல தூக்கிட்டு அலையணும்?

அதனாலதான் ஒரு வயசுக்கு மேல வளத்தி தானா மட்டுப்படுது. ரெண்டாவது வருசம் முழுக்க ஏறுறது ரெண்டு, ரெண்டரைக் கிலோதான். வளத்தி கொறஞ்சா பசியும் கொறையும். அதுக்குள்ள நடையும் வந்துருது. நடை வந்த பிள்ளை, தெரியாத பண்டத்தைக் கண்டா மொகத்தைத் திருப்பும். கண்டதைப் பிச்சு வாயில போட்டுச் சாவாம இருக்க ஆதியில வந்த குணமா இருக்கும்னு படிச்சவுக சொல்லுதாவ. நம்ம வாசல்ல அரளியும் எருக்கும் நிக்குத நெலைமைக்கு அந்தக் குணம் நல்லதுக்குத்தான்னு வச்சுக்கோயேன். நீ என்னடான்னா அதை வியாதிங்கே.

அளவு எவ்வளவுன்னு தெரியுமா? வயசுக்கு ஒரு மேசைக்கரண்டி. ரெண்டு வயசுன்னா ரெண்டு கரண்டி சோறு, ரெண்டு கரண்டி பருப்பு, ரெண்டு கரண்டி காய். அங்கன ஆரம்பி. தின்னுட்டு இன்னும் கேட்டா இன்னும் போடு. நீ இந்தக் கிண்ணத்துல அள்ளி வச்சிருக்கது எனக்கே ராத்திரிக்குக் காணும்.

இப்ப ஒன்னு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. காலையில எந்திரிச்சதும் என்ன குடுத்தே? ஒரு தம்ளர் பாலு. அதுல? ரெண்டு கரண்டி சத்துப் பொடி. பொறவு? பத்து மணிக்கு பிஸ்கோத்து. சரியாத் திங்கலையேன்னு பதினொன்னரைக்கு இன்னொரு தம்ளர் பாலு. ஒரு மணிக்குச் சோத்தை நீட்டுனா வாயை மூடிக்கிட்டான். ராத்திரி அரைவயித்தோட தூங்கிருவானோன்னு படுக்கையில வேற ஒரு புட்டி. ஏலே, இவனா திங்காத பிள்ளை? இவன் காலையில இருந்து வாயை மூடவே இல்லையே! சோத்துக்கு மட்டும்தான் எடமில்ல.

பாலைப் பத்திக் கொஞ்சம் நிதானமாச் சொல்லணும், ஏன்னா இங்கதான் படிச்ச வீடும் படிக்காத வீடும் ஒண்ணா வழுக்கி விழுது. பாலு நல்லதுதான். ஒரு வயசுக்கு மேல நாளுக்கு அரை லிட்டருக்குள்ள இருக்குத வரைக்கும். அதுக்கு மேல போனா வயித்தை அடைச்சுக்கிடும். பாலுல இரும்புச்சத்து இல்லேன்னே சொல்லலாம். மத்த சாப்பாட்டுல இருக்குத இரும்பையும் அது ஒடம்புல சேர விடாது. பிள்ளை வெளுத்துப் போவான். வெளுத்த பிள்ளைக்குப் பசி மந்தப்படும். பசி மந்தப்பட்டா நீ என்ன குடுப்பே? இன்னொரு தம்ளர் பாலு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாரு. ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசுக்குள்ள நம்ம நாட்டுப் பிள்ளைகள்ல நூத்துக்கு 67 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டுல 57. பாலு ஒண்ணே காரணம்னு சொல்ல வரல. இல்லாத வீட்டுல இல்லாமைதான் காரணம். இருக்குத வீட்டுல, புட்டியைக் கீழ வைக்காததும் ஒரு காரணம்.

அந்தப் பொடி சங்கதியையும் கேட்டுக்கோ. டப்பாவுல ஓடுத பையன் படம், கீழ இருவது சத்தோட பேரு. உள்ளே இருக்குததை வாயில போட்டுப் பாரு, மொதல்ல நாக்குக்குத் தட்டுப்படுதது சீனி. 2024 ஏப்ரல்ல மத்திய அரசே இணைய வியாபாரிகளுக்கு, இதுகளை ‘ஆரோக்கிய பானம்’னு தலைப்புப் போட்டு விக்காதீயன்னு எழுதிருச்சு. உணவுச் சட்டத்துல அப்படி ஒரு பானமே கெடையாதாம். இல்லாத பானத்தை இத்தனை வருசமா ஆத்தி ஆத்திக் குடிச்சிருக்கோம் பாரு, நம்மளை விடச் சமத்து எவன் இருக்கான்!

சரி, ஊட்டாம விட்டுட்டா பிள்ளை பட்டினி கெடந்துருமேங்கே. அமெரிக்காவுல கிளாரா டேவிஸ்னு ஒரு டாக்டரம்மா இதையே சோதிச்சுப் பாத்துட்டா. 1926ல ஆரம்பிச்சது. அப்பத்தான் பால்குடி மறந்த 15 கைப்பிள்ளைகள். 34 வகைப் பண்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாப் பரத்தி வச்சா. பக்கத்துல ஒரு நர்சம்மா, கையில கரண்டி. பிள்ளை கையை நீட்டிக் காட்டுனா ஒரு கரண்டி அள்ளணும், வாயைத் தொறந்தா ஊட்டணும். இதைத் தின்னு, அதைத் தின்னு, அச்சச்சோ, சபாஷ், ஒரு வார்த்தை பேசப்படாது. ஒம் பொண்டாட்டியை அந்த வேலைக்கு விட்டா மத்தியானத்துக்குள்ள வாயைப் பொத்திக்கிட்டு அழுதுருவா.

பிள்ளைக என்ன பண்ணுச்சு? ஒன்னு காலையில ஆரஞ்சுச் சாறும் ஈரலும் தின்னுச்சு. ஒன்னு ராத்திரிக்கு முட்டையும் வாழைப்பழமும் பாலும். பாக்குதவனுக்குக் கோட்டித்தனம். ஆனா எல்லாம் நல்லா வளந்துச்சு. எலும்பு மெலிஞ்சு வந்த ஒரு பிள்ளை, பக்கத்துல வச்ச மீனெண்ணெயை எலும்பு நேராகுத வரைக்கும் தானாக் குடிச்சுட்டு, பொறவு நிப்பாட்டிருச்சாம். 15 பிள்ளையை வச்சு ஒலகத்துக்கே சட்டம் போட முடியாதுதான். ஆனா அந்த அம்மா 1939ல ஒளிக்காமச் சொன்னது ஒன்னு உண்டு: தந்திரமெல்லாம் நான் போட்ட பட்டியல்லதான் இருக்குன்னா. அந்த 34ல சீனி கெடையாது, டப்பாப் பண்டம் கெடையாது. எதைத் தொட்டாலும் நல்ல சோறு. நீ பிஸ்கோத்தையும் சிப்ஸையும் பரத்தி வச்சுட்டு, "எம் பிள்ளையும் தானாத் தேறுவான்"னு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துராதே, கேட்டியா?

அதே நாட்டுல எலின் சாட்டர்னு ஒரு சாப்பாட்டுச் சங்கதி படிச்ச அம்மா, வீட்டுக்குள்ளயே பாகப்பிரிவினை பண்ணி வச்சா. என்ன சாப்பாடு, எப்ப, எங்க வச்சு, இதெல்லாம் பெத்தவன் பங்கு. திங்கவா வேண்டாமா, எவ்வளவு, இது பிள்ளை பங்கு. ஒங்க வீட்டுல என்ன நடக்கு? என்ன வேணும், எப்ப வேணும்னு ரெண்டு வயசுக்காரன் சொல்லுதான். எவ்வளவு திங்கணும்னு நீ சொல்லுதே. ரெண்டு பேரும் அடுத்தவன் வயல்ல எறங்கி உழுதுட்டு, வெள்ளாமை வரலேன்னு டாக்டர்கிட்டப் போய் நிக்கிய.

தாயும் பிள்ளையும் ஒண்ணுன்னாலும் வாயும் வயிறும் வேறன்னு நம்ம ஊர்ல சொல்லுவாவல்லா? பங்காளிச் சண்டைக்கு மட்டும் அதை எடுத்து வீசுதோம். சோத்துப் பந்தியிலதான் அது மொதல்ல வேணும். அவன் வயிறு நெறஞ்சதுன்னு அவன் வயித்துக்குத் தெரியும். ஒனக்கு எப்படிலே தெரியும்?

நேரத்தைப் பிடி, அம்புட்டுத்தான். மூணு வேளைச் சாப்பாடு, நடுவுல ரெண்டு சின்னத் தீனி. இடையில தண்ணி மட்டும். இருவது நிமிசம், மிஞ்சிப்போனா அரை மணி. திங்கலையா, சரின்னு தட்டை எடுத்துரு. மொகத்தைச் சுளிக்காதே, கதை வைக்காதே, கெஞ்சாதே. அடுத்த வேளை வரத்தான் போவுது. பசி ருசி அறியாதுங்கது பெரியவுகளுக்கு மட்டும் எழுதி வச்சதில்ல.

போனைக் கீழ வையி. பாட்டு ஓடுது, வாய் தன்னால தொறக்குது, நீ இட்லியைத் தள்ளுதே. என்ன உள்ள போச்சுன்னு அவனுக்கும் தெரியாது, பசி அடங்குச்சான்னும் தெரியாது. ரெண்டு வயசுக்குள்ள திரையே வேண்டாம், அதுக்கு மேல நாலு வயசு வரைக்கும் ஒரு மணி நேரத்துக்குள்ளன்னு ஒலகச் சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிருச்சு. அதைச் செய்தியாப் படிச்சதும் நீ அந்தப் போன்லதானே?

கட்டாயப்படுத்துனா என்ன ஆவும்னும் பாத்துட்டாவ. 2006ல ஒரு ஆராய்ச்சி. பிள்ளைகளுக்குச் சூப்பு வச்சாவ. "குடிச்சு முடி, குடிச்சு முடி"ன்னு சொன்ன சூப்பைப் பிள்ளைக கம்மியாக் குடிச்சுதுக, கூடவே அதைக் கொறை சொல்லவும் செஞ்சுதுக. சும்மா வச்ச சூப்பு கூட எறங்குச்சு. இதுக்கு ஆராய்ச்சி வேறயா? ஒங்க மாமனாரு, "இன்னும் ரெண்டு இட்லி, மாப்பிள்ளை"ன்னு கையைப் பிடிக்கையில ஒனக்கு எப்படி இருந்துச்சு? "கீரையைத் தின்னா மிட்டாய்"ங்கதும் வேண்டாம். மிட்டாய்தான் ஒசத்தி, கீரை அபராதம்னு நீயே சொல்லிக் குடுத்த கணக்கு அது.

புதுக் காய்ன்னா ஒரு கொட்டை அளவு வையி. பக்கத்துல அவனுக்குப் பழகுன பண்டம் ஒன்னு இருக்கட்டும். தொட்டுப் பாப்பான், மோந்து பாப்பான், துப்புவான். துப்பட்டும். பத்துப் பதினஞ்சு தடவை கண்ணுல பட்டாத்தான் பல பிள்ளை ஒரு காயைச் சேத்துக்கும். நீ மூணு தடவை வச்சுட்டு "எம் மகனுக்குப் பீட்ரூட் ஆகாது"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துட்டே. இனி அவன் நெனச்சாலும் திங்க முடியுமா? ரோசம்னு ஒன்னு இருக்குல்லா?

நம்ம கிழவிகளையும் சும்மா விடப்படாது. பருப்புத் தண்ணியாம்! பருப்பைத் தாத்தாவுக்குப் போட்டுட்டு, மேல தெளிஞ்ச தண்ணியைப் பேரனுக்கு ஊத்துதது எந்த ஊரு நியாயம்? கரண்டியைச் சாச்சா சோறு வழியாம நிக்கணும். சின்ன வயிறு, அதுல தண்ணியை ரொப்பிட்டா சத்து எங்க போயி உக்காரும்? மசிச்ச பருப்பு, மேல கொஞ்சம் நெய்யி இல்ல நல்லெண்ணெய். ஒரு முட்டை. கறி மீன் திங்குத வீடுன்னா முள்ளெடுத்த சாளை. கேப்பைக் கூழு, தயிரு. முருங்கைக்கீரையை அடைமாவுல போட்டுரு, எலுமிச்சையோ கொய்யாவோ கூட இருந்தா கீரையில உள்ள இரும்பு ஒடம்புல நல்லா ஒட்டும். நெலக்கடலையைப் பொடிச்சுக் கூழுல கலந்து குடு. முழுசாக் குடுத்துராதே, தொண்டையில அடைச்சுக்கிடும். முழுத் திராட்சையும் அப்படித்தான். நாலஞ்சு வயசு ஆகட்டும்.

இதுல எதுலயாவது யானைத் தட்டு வருதா?

பழைய காலம் பொன்னுன்னு நான் சொல்லுவேன்னு நெனச்சியா? எங்க காலத்துல பிள்ளை அடம்பிடிக்கல, உண்மைதான். அடம்பிடிக்கப் பண்டம் இருந்தாத்தானே? வத்திப்போன பிள்ளையைப் பாத்து "திருஷ்டி"ன்னு மொளகா சுத்திப் போட்ட ஊரு இது. தமிழ்நாட்டுல 1980ல ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டம்னு ஒன்னு வந்துச்சு. ஆறு மாசத்துல இருந்து மூணு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளை மாசாமாசம் தராசுல போட்டாவ. எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாளு சத்து உருண்டை. ஏறுன பிள்ளைக்குக் கெடையாது, அது அழுதாலும் சரி. தட்டுல எவ்வளவு மிச்சம்னு அந்த அம்மாமாருக யாரும் பாக்கல. தராசு முள்ளு என்ன சொல்லுதுன்னு பாத்தாவ.

ஒனக்கும் அதுதான். அங்கன்வாடியில தராசு இருக்கு, அட்டை இருக்கு, புள்ளி வச்சுக் கோடு இழுத்துக் குடுப்பாவ. கோடு மேல போவுதா? நீ பேசாம ஒன் சோத்தைப் பாரு. கோடு படுத்துருச்சா, கீழ எறங்குதா, அப்போ டாக்டரைப் பாரு. மண்ணையோ செவுத்துச் சுண்ணாம்பையோ சொரண்டித் தின்னாலும், முழுங்கும்போது பொறை ஏறிக்கிட்டே இருந்தாலும், வெளுத்துச் சோந்து கெடந்தாலும், நாலஞ்சு பண்டத்துக்கு மேல எதையும் தொடவே மாட்டேன்னாலும் காட்டிரு. அதை அடம்னு நெனச்சு அடிச்சுராதே. வருசம் தவறாம அங்கன்வாடியில குடுக்குத பூச்சி மாத்திரையையும் விட்டுராதே.

எந்திரி, கிண்ணத்தை உள்ளே கொண்டு வையி. பிள்ளையையும் கூட்டிட்டு வா, எல்லாரும் ஒண்ணா உக்காருவோம். நம்ம வாயைப் பாத்துத்தான் அதுவும் வாயைத் தொறக்கும். இன்னைக்கு ஒம் பாட்டி பாவக்காய்ப் பொரியல் வச்சிருக்கா.

ஏம்லே, மூஞ்சி ஏன் அப்படிக் கோணுது? ஒங்கம்மா அன்னைக்கே சொன்னா, ஒன்னைய மூணு தெரு தொரத்துவாளாம்.