எந்தக் காலுக்கு?

ஆம்பூரில் மாத இதழ் தொடங்குகிறேன். முதல் இதழே 10,000 பிரதி. பிரியாணிக்குக் கூடும் கூட்டம் எனக்கும் கூடாதா?
– ஒரு வாசகர், ஆம்பூர்

கூடட்டும்! ஆனால் உங்கள் ஊர் ஷூ கம்பெனியில் கால் அளவு தெரியாமல் தோலை வெட்டுவார்களா? 1959-இல் எழுத்தாளர் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ என்ற இதழைத் தொடங்கியபோது இலக்கையே தலைகீழாக வைத்தார்: 2,000 பிரதிக்கு மேல் அச்சாகாது! அவருக்கு வேண்டியது, விமர்சனத்தையும் கவிதையையும் ஊன்றிப் படிக்கிறவர்கள். புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்தார். 119 இதழ்கள் வந்தன. புதுக்கவிதை அதில்தான் வேர் பிடித்தது.

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறும் ஆம்பூர்ப் பெண்கள் படிக்க, அவர்கள் வாழ்க்கையைச் சொல்ல, இப்போது என்ன இதழ் இருக்கிறது? உங்கள் முதல் பிரதி அவர்கள் கைக்குப் போகுமா?