ஆடுவது மகன், கட்டுவது நான்

அமெரிக்காவில் கால்பந்து நன்றாக ஆடத் தெரிந்த பதினைந்து வயதுப் பையன் இருக்கிற வீட்டில் ஆகஸ்ட் மாதம் நிம்மதி கிடையாது. பள்ளி அணிக்கும் ஆடுவதா, கிளப்புக்கு மட்டும் ஆடுவதா என்கிற பஞ்சாயத்து அப்போதுதான் கூடும். எங்கள் நியூஜெர்சியில் பள்ளிக் கால்பந்து இலையுதிர் காலத்து ஆட்டம். ஆகஸ்டில் தேர்வு, செப்டம்பரில் போட்டிகள், நவம்பரில் மாநிலக் கோப்பையோடு முடிந்துவிடும். டெக்சாஸ், ஃபுளோரிடா பெற்றோர்களுக்கு இது குளிர்காலத்தில் வரும். தலைவலி ஒன்றுதான், மாத்திரை போடும் மாதம் மட்டும் வேறு.

ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளியில் ஆட ஏறக்குறைய காசே வேண்டாம். சரித்திர வாத்தியாரோ ஜிம் வாத்தியாரோ கோச்சாக இருப்பார். மஞ்சள் பேருந்தில் பக்கத்து ஊருக்குக் கூட்டிப்போய், தோற்கடித்தோ தோற்றோ திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். கிளப் அப்படியல்ல, தனியார் கடை. வருடத்தில் பத்து மாதம், வாரத்தில் மூன்று நான்கு நாள் பயிற்சி, சனி ஞாயிறு போட்டி. கட்டணம் சில ஆயிரம் டாலர். சீருடைக்குத் தனி. டோர்னமென்டுக்குத் தனி. டோர்னமென்ட் நடத்துகிறவர் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும், வேறு இடத்தில் தங்கினால் அணியே ஆட முடியாது என்று சில இடங்களில் விதி வேறு. அந்த ஹோட்டலில் நமக்கு என்று ஒதுக்கப்படும் அறை எப்போதும் ஐஸ் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு யாராவது ஒரு பதினொரு வயதுக் கோல்கீப்பர் வந்து வாளி நிறைய ஐஸ் பிடிப்பான்.

நீட், ஜேஇஇ கோச்சிங் சென்டர் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திக் காத்திருந்த தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு இந்தக் கதை உடனே புரியும். வருகைப் பதிவேடு ஒரு பள்ளியில் இருக்கும், பையன் கோச்சிங் சென்டரில் இருப்பான். பள்ளிக்கூடமும் கண்டுகொள்ளாது. இங்கே ஒரு படி மேலே போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனால் எங்கள் பக்கம் வராதே என்று கோச்சிங் சென்டரே கடிதம் எழுதுகிறது.

எங்களுக்கும் வந்தது. கடிதத்தில் மிரட்டல் ஒரு சொல் கூடக் கிடையாது, அத்தனையும் அன்பு. பையனின் நீண்டகால வளர்ச்சியில் அவர்களுக்கு இருக்கும் அக்கறையைப் படித்தபோது, அவனைப் பெற்றது நானா அவர்களா என்று சந்தேகமே வந்துவிட்டது. கடைசிப் பத்தியில் இரண்டு செய்திகள் இருந்தன. பள்ளிக்கு ஆடுகிறவர்களுக்கு அணியில் இடம் உறுதியில்லை. அடுத்த தவணை பதினைந்தாம் தேதி.

இந்தத் தடைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 2007-இல் டெவலப்மென்ட் அகாடமி என்று ஒரு லீகைத் தொடங்கியது. ஐரோப்பாவில் பையன்கள் வருடம் முழுக்க ஆடுகிறார்களே, நாமும் அப்படி ஆடினால்தான் உலகக் கோப்பை என்பது கணக்கு. 2012-இல் சீசனைப் பத்து மாதமாக்கி, பள்ளி அணிக்கு ஆடக் கூடாது என்று சட்டமும் போட்டார்கள். தனியார் பள்ளியில் உதவித்தொகையில் படிக்கிறவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. நாடு முழுக்கப் பையன்கள் பள்ளிச் சீருடையைக் கழற்றி வைத்தார்கள். 2020 ஏப்ரலில், கொரோனா வந்த கையோடு, சம்மேளனம் அகாடமியையே மூடிவிட்டது. கடைசி வருடப் பள்ளி ஆட்டத்தைத் தியாகம் செய்த பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களுக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை. அதே வருடம், அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீகான எம்எல்எஸ், எம்எல்எஸ் நெக்ஸ்ட் என்ற பெயரில் புது லீகைத் தொடங்கியது. பலகை மாறியது, மேல்தட்டு அணிகளுக்குப் பள்ளி ஆட்டம் பொதுவாகக் கூடாது என்பது மாறவில்லை. பெண்களுக்காக 2009-இல் தொடங்கிய ஈசிஎன்எல் லீக் இந்த விஷயத்தில் கொஞ்சம் மனிதத்தன்மையோடு நடந்துகொண்டது. பள்ளி சீசனுக்கு இடம் விட்டுத்தான் அட்டவணை போடுகிறார்கள். பின்னால் பையன்களுக்குத் தொடங்கியபோதும் அதே வழக்கம்தான்.

கடிதம் வந்த சமயம் என் மாமியார் எங்களோடு இருந்தார். அவருக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. ஹாக்கிக்குப் பேர்போன ஊர் என்பதால் விளையாட்டு விஷயத்தில் அவரை ஏமாற்றுவது கஷ்டம். என் மனைவி கடிதத்தை உரக்கப் படித்துத் தமிழில் சொல்லி முடித்ததும், கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"மாப்ள, பள்ளிக்கூடத்துல ஆடுனா சும்மா. இவங்ககிட்ட ஆடுனா காசு. அப்படித்தானே?"

"ஆமாங்க அத்தை."

"சும்மா கெடைக்கிறத வேண்டாம்னு காசு வாங்குறவன் சொல்றான்."

"அது வந்து, தரம்னு ஒண்ணு இருக்குல்ல அத்தை..."

"அவன் சொல்லட்டும். அவன் யாவாரம். நீங்க எதுக்கு மாப்ள ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் கட்டிய பணம் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும் அல்லவா? கல்லூரி ஸ்காலர்ஷிப் என்கிற ஊருக்குத்தான் நாங்கள் எல்லோரும் டிக்கெட் எடுத்திருந்தோம். கிளப் இயக்குநர் பெற்றோர் கூட்டத்தில் திரையில் ஒரு பிரமிடு காட்டுவார். உச்சியில் உலகக் கோப்பை, அதற்குக் கீழே தொழில்முறை அணிகள், அதற்குக் கீழே கல்லூரி, அடித்தளத்தில் எங்கள் பையன்கள். பெற்றோர்கள் எந்தத் தட்டில் வருகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். பிரமிடுக்குக் கல் சுமந்தவர்களை எந்தப் படத்தில் காட்டியிருக்கிறார்கள்?

ஸ்காலர்ஷிப் கணக்கை ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். பள்ளியில் கால்பந்து ஆடும் பையன்கள் நாடு முழுக்க நான்கு லட்சத்துக்கு மேல். இவர்களில் கல்லூரி அணிக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு ஐந்தாறு பேர். முதல் டிவிஷன் கல்லூரி ஒன்றில் ஆண்கள் அணி முழுவதற்கும் சேர்த்து உச்சவரம்பு 9.9 ஸ்காலர்ஷிப் என்று வெகுகாலம் வைத்திருந்தார்கள். முப்பது பையன்களுக்கு நடுவே ஒன்பதே முக்காலே சொச்சத்தைப் பங்கு போட்டால் ஆளுக்கு எவ்வளவு வரும் என்பதை, பாகப்பிரிவினை பார்த்த எந்தத் தமிழனும் சொல்லிவிடுவான். 2025-இல் அந்த வரம்பைப் பல கல்லூரிகளுக்கு எடுத்துவிட்டு, அணியில் இத்தனை பேர்தான் என்ற வரம்பை வைத்தார்கள். மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. ஹார்வர்ட், பிரின்ஸ்டன் வகையறா ஐவி லீகிலும் கிடையாது. இதை மைதானத்தில் என் பக்கத்து மடக்கு நாற்காலிக்காரரிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "சீட் கிடைச்சாப் போதும் சார், ஃபீஸ் நான் கட்டிக்கிறேன்" என்றார். ஆக, ஸ்காலர்ஷிப்புக்காகக் கட்டுகிறோம், அது கிடைக்காவிட்டாலும் கட்டுகிறோம். கிளப்புக்குக் கொடுத்ததையெல்லாம் குழந்தை பிறந்த நாளிலிருந்து 529 என்கிற கல்லூரிச் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருந்தால் அதற்குப் பெயர்தான் ஸ்காலர்ஷிப்.

கிளப்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கல்லூரிக் கோச்சுகள் ஆள் தேடிப் போவது ஷோகேஸ் என்கிற கிளப் போட்டிகளுக்குத்தான். ஒரே வளாகத்தில் பத்துப் பன்னிரண்டு மைதானம், ஒரே நாளில் நூறு ஆட்டக்காரர்களைப் பார்த்துவிடலாம். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு எங்கள் பள்ளி ஆட்டத்தைப் பார்க்க எந்தக் கோச்சும் வரப்போவதில்லை. நானே வேலையிலிருந்து பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போவேன். அந்த சீசனில் என் மேலாளருக்கு என் பற்களைப் பற்றிப் பெரிய கவலை இருந்தது.

ஆட்டத்தின் தரமும் அப்படித்தான். கிளப்பில் பந்து தரையோடு தரையாகக் காலுக்குக் கால் போய்வரும். பள்ளியில் பந்துக்கு வானத்தின்மேல்தான் பிரியம். பின்னால் நிற்கிறவன் ஓங்கி உதைப்பான், முன்னால் நிற்கிறவன் ஓடுவான், நடுவில் நிற்கிறவர்கள் விமானம் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்ப்பார்கள். ஆளை எடுத்துவிட்டுத் திரும்பப் போடுவதற்குத் தடையில்லை. மஞ்சள் அட்டை வாங்கியவன் வெளியே போயாக வேண்டும், பதிலுக்கு இன்னொருவன் உள்ளே வரலாம். எங்கள் வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையனை மார்க் பண்ண எதிரணியில் தாடி வைத்த பன்னிரண்டாம் வகுப்பு ஆள் ஒருவன் வந்தான். காரை அவனே ஓட்டிக்கொண்டு வந்திருப்பான் போலிருந்தது. அவன் தோளால் ஒரு இடி இடித்தான். என் மகன் எல்லைக்கோட்டைத் தாண்டி, தண்ணீர்ப் பாட்டில்களைத் தாண்டி, எங்கள் கோச் பக்கத்தில் வந்து விழுந்தான். சரித்திர வாத்தியார் அவனைத் தூக்கிவிட்டு, "வெரி குட், எழுந்து போ" என்றார். இதில் எது வெரி குட் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

இவ்வளவு குறை இருக்கும் என்று தெரிந்துதான் பள்ளிக்கு ஆடட்டும் என்று முடிவு செய்தேன். முடிவு செய்தேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. மகன் முன்பே சொல்லிவிட்டான். "அப்பா, கிளப்ல நான் கோல் போட்டா உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

இதற்கு என்ன பதில் சொல்வது? கிளப் ஆட்டம் நடக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில், நெடுஞ்சாலை ஓரத்தில், கிடங்குகளுக்கு நடுவே ஒரு செயற்கைப் புல்வெளி. ஒரு பக்கம் நமது பெற்றோர், அவர்களை அடுத்து எதிரணிப் பெற்றோர், எல்லோரும் மடக்கு நாற்காலியில். பதினெட்டுப் பையன்களும் பதினைந்து ஊர்க்காரர்கள். ஆட்டம் முடிந்தால் ஆளுக்கொரு காரில் ஆளுக்கொரு திசை. பள்ளி ஆட்டத்துக்கு கெமிஸ்ட்ரி வகுப்பே வரும். பேருந்து ஓட்டுநர் இறங்கி வந்து கைதட்டுவார். மறுநாள் காலை கணக்கு டீச்சர் "நேற்று அந்த கோலை விட்டுவிட்டாயே" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். பெரிய ஆட்டத்துக்கு முதல்நாள் அணி முழுக்க யாராவது ஒருவர் வீட்டில் கூடி பாஸ்தா சாப்பிடும் வழக்கம் உண்டு. எங்கள் முறை வந்தபோது பாஸ்தாவோடு மாமியார் புளியோதரையும் வைத்தார். பாஸ்தா மீந்தது. தாடிக்காரப் பையன்கள் எங்கள் அணியிலும் இரண்டு பேர் உண்டு, அவர்கள் மூன்றாம் தடவை தட்டை நீட்டியபோது கோவில்பட்டி முகத்தில் வந்த பெருமிதத்தை எந்த ஷோகேஸிலும் நான் பார்த்ததில்லை.

பள்ளியில் ஆடினால் ஆட்டம் கெட்டுவிடும் என்பவர்களை நாங்கள் இருக்கும் மாநிலத்திலேயே உள்ள கெர்னி என்கிற ஊருக்கு அனுப்ப வேண்டும். நூல் ஆலையில் வேலை பார்க்க ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள் கால்பந்தைக் கூடவே கொண்டுவந்து இறக்கிய ஊர். ஜான் ஹார்க்ஸ், டோனி மியோலா இருவரும் கெர்னி அரசுப் பள்ளியில் ஆடியவர்கள். அதே ஊரில் வளர்ந்த டேப் ராமோஸ் நுவார்க்கில் உள்ள செயின்ட் பெனடிக்ட்ஸ் பள்ளிக்கு ஆடினார். நாற்பது வருடம் உலகக் கோப்பைப் பக்கமே போகாத அமெரிக்கா 1990-இல் இத்தாலிக்குப் போனபோது மூவரும் அந்த அணியில் இருந்தார்கள். அமெரிக்கப் பெண்கள் அணியின் நட்சத்திரமான மியா ஹாம் வர்ஜீனியாவில் பள்ளி அணிக்கு மாநிலக் கோப்பையை வென்று கொடுத்தவர். அது அந்தக் காலம், இப்போதுள்ள கிளப்புகள் அப்போது இல்லை என்பார்கள். உண்மைதான். கிளப்பும் வேண்டியதுதான். பின்னாளில் அமெரிக்க அணிக்கு ஆடிய க்ளின்ட் டெம்ப்சியை நல்ல கிளப்பில் சேர்க்க அவர் பெற்றோர் டெக்சாஸில் நாகடோச்சஸிலிருந்து டல்லாஸுக்கு மூன்று மணி நேரம் கார் ஓட்டிய கதை இங்கே எல்லா அப்பாக்களுக்கும் மனப்பாடம். அவரவர் மனைவியிடம் பெட்ரோல் செலவுக்குக் கணக்குச் சொல்லும்போது உதவுகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. கட்டணம் யார் கட்டுகிறார் என்று பாருங்கள். எம்எல்எஸ் அணிகள் நேரடியாக நடத்தும் அகாடமிகள் பெரும்பாலும் பையனிடம் காசு வாங்குவதில்லை. உங்கள் பிள்ளையை ஒருவன் தன் செலவில் ஆட வைக்கிறான் என்றால், அவனுக்குப் பிள்ளையிடம் ஏதோ தெரிந்திருக்கிறது. பள்ளிக்குப் போகாதே என்று அவன் சொன்னால் கேளுங்கள். காசு கட்டுவது நீங்களாக இருந்தால், தெரிந்திருப்பது உங்கள் பர்ஸைப் பற்றி. அப்போது நீங்கள் சொல்வதை அவர்கள் கேட்கட்டும். இரண்டுக்கும் ஒரே வாரத்தில் ஆட வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். தினமும் பள்ளிப் பயிற்சி, நடுவில் இரண்டு ஆட்டம், வாரக் கடைசியில் கிளப் என்று ஓடினால் முதலில் தேய்வது முழங்கால். பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் தசைநார் கிழியும் ஆபத்து பையன்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். என் சின்னவள் அடுத்து வரிசையில் நிற்கிறாள், அதனால் இந்த ஒரு வரியை மட்டும் நான் சிரிக்காமல் எழுதுகிறேன்.

நாங்கள் அந்தக் கிளப்பை விட்டு, பள்ளி சீசனில் பையனைத் தொந்தரவு செய்யாத வேறொன்றுக்கு மாறினோம். பழைய கிளப்பிலிருந்து வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் வந்தது, இணைப்பாகப் பாக்கித் தொகைக்கான பில்லும்.

நியூஜெர்சிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பள்ளி அணித் தேர்வுக்குப் போகுமுன் உடல்தகுதிப் படிவத்தில் டாக்டர் கையெழுத்து வேண்டும். அந்தப் பரிசோதனை முதல் நாள் பயிற்சிக்கு முந்தைய 365 நாளுக்குள் நடந்திருக்க வேண்டும். ஜூலையிலேயே டாக்டரிடம் நேரம் வாங்கிவிடுங்கள், ஆகஸ்டில் கிடைக்காது.