கெட்டிக்காரத் துப்பாக்கி

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் கழிந்ததும் தொடங்கும் கல்துப்பாக்கிப் பருவத்தில் மான் சுட வேண்டுமா? உங்கள் துப்பாக்கி 1800-க்கு முந்திய வடிவத்தில் இருந்தாக வேண்டும். கல் இரும்பில் உரசித் தெறிக்கும் பொறியில்தான் மருந்து பற்ற வேண்டும். குழல் .44 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஸ்கோப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. 1974-இல் இந்தப் பருவத்தை ஏற்படுத்தியவர்களிடம் ஒரு நியாயம் இருந்தது.

அந்தத் துப்பாக்கியின் லட்சணம் அப்படி. குழல்வாயில் கருமருந்தைக் கொட்டி, துணி சுற்றிய ஈயக் குண்டைக் கோலால் இடித்துக் கெட்டித்து, பக்கத்தில் உள்ள சின்னக் கிண்ணியில் ஒரு சிட்டிகை பொடிமருந்தைத் தூவி மூட வேண்டும். தூறல் விழுந்தால் அந்தச் சிட்டிகை கறுப்புச் சேறாகிவிடும். அதற்குப் பயந்து விசைப் பகுதியின் மேல் எண்ணெய் ஊறிய தோலைக் கட்டிக்கொண்டு நடப்பார்கள். அப்படியும் விசையை இழுத்தால் கிண்ணி மட்டும் புஸ்ஸென்று எரிந்து அடங்கும், குழல் கம்மென்று இருக்கும். பற்றினாலும் பொறிக்கும் வேட்டுக்கும் நடுவே ஒரு கண்ணிமைப்பு உண்டு. மானுக்கு அது போதும். குறி தப்பினால் மறு குண்டு கெட்டித்து நிமிர்வதற்குள் மான் மேட்டைத் தாண்டிப் போயிருக்கும். இத்தனை இடைஞ்சலையும் விரும்பிச் சுமப்பவருக்குக் கூட்டமில்லாத காடும் கூடுதல் நாட்களும் கிடைத்தன. சிரமத்தைக் கொடுத்து நாளை வாங்கிக்கொண்டார்கள். சுத்தமான பேரம்.

அந்தப் பேரத்தில் சிரமத்தை மட்டும் கழித்துவிட்டு நாட்களை வைத்துக்கொள்ள முடியாதா என்று வியாபாரம் யோசிக்கத் தொடங்கியது. 1985-இல் மிசௌரியில் டோனி நைட், பற்றவைக்கும் கேப்பைக் குழலுக்கு நேர் பின்னால் பொருத்தி ஒரு துப்பாக்கி செய்தார். முன்பே சிலர் முயன்றதுதான். சந்தையைப் பிடித்தது இவருடையது. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அளந்து கொட்டும் மருந்துக்குப் பதில் வில்லையாக அச்சிட்ட மருந்து. சாதாரண கேப்புக்குப் பதில் தோட்டாத் துப்பாக்கிக்கான 209 எண் கேப்பு. உருண்டை ஈயத்துக்குப் பதில் பிளாஸ்டிக் சட்டை போட்ட கூர்முனைக் குண்டு. மேலே ஒன்பது மடங்கு பெருக்கிக் காட்டும் ஸ்கோப். 300 கஜம் எட்டும் என்று இன்று விளம்பரம் செய்கிறார்கள். அமாவாசை விரதம் என்று சோற்றைத் தள்ளிவிட்டு இருபத்தைந்து இட்லியை உள்ளே தள்ளுகிறவர் நினைவுக்கு வருகிறார். அவராவது இட்லியை மூதாதையர் மரபு என்று விற்பதில்லை. (அந்த மூதாதையர் மரபில் பெரும் பங்கு ஸ்பெயினில், பாஸ்க் பகுதித் தொழிற்சாலைகளிலிருந்து கப்பலேறி வருகிறது என்பது தனிக் கதை.)

இவற்றில் எது ஆகும், எது ஆகாது என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. எனவே துப்பாக்கி வாங்கப் போகிறவர் கையில் வரைபடம் இருப்பது நல்லது. கொலராடோவில் ஸ்கோப் ஆகாது, வில்லை மருந்து ஆகாது, பிளாஸ்டிக் சட்டை ஆகாது. ஆனால் நைட் பாணித் துப்பாக்கி ஆகும். ஐடஹோவின் தனிப் பருவங்களில் 209 கேப்பும் ஆகாது, பற்றும் இடம் வெளியே தெரிய வேண்டும். கல்துப்பாக்கிக்குக் கோயில் கட்டிய அதே பென்சில்வேனியா, அக்டோபரில் கொம்பில்லா மானுக்கு மட்டும் ஸ்கோப்போடு நவீனத் துப்பாக்கியைத் தூக்கி வரச் சொல்கிறது. யூட்டா 2016-இல் பெருக்கிக் காட்டும் ஸ்கோப்புக்கு வாசலைத் திறந்துவிட்டது. அத்தனை பேரும் காசைக் கொட்டி வாங்கி மாட்டிய பிறகு, 2024 பருவத்திலிருந்து கழற்று என்றது. வந்த புத்தியை வரவேற்கலாம். எட்டு ஆண்டு எங்கே போயிருந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது.

மிசிசிப்பிக்குத்தான் மாலை போட வேண்டும். அங்கே ‘ஆதிகால ஆயுத’ப் பருவம் என்று ஒன்று உண்டு. அதில் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்குக் கருமருந்தோ அதன் மாற்றோதான் போட வேண்டும் என்பதில் விதி கறார். ஆனால் பின்பக்கம் திறந்து உலோகத் தோட்டாவைச் செருகும் ஒற்றை வேட்டுத் துப்பாக்கியும், .35-க்குக் குறையாமல் சுத்தியல் வெளியே தெரிந்தால், ஆதிகாலம்தான். அந்தத் தோட்டாவுக்குள் இன்றைய புகையில்லா மருந்து இருக்கலாம். இரண்டுக்கும் ஸ்கோப் மாட்டலாம். அதாவது ஆதிகாலத்தைப் பின்பற்றுகிறவனுக்குக் கட்டுப்பாடு, ஏமாற்றுகிறவனுக்கு விலக்கு. இதை உட்கார்ந்து எழுதிய கை கூசவில்லை.

2020-இல் இன்னொரு புதுமை கடைக்கு வந்தது. பிளாஸ்டிக் குப்பியில் தொழிற்சாலையே அளந்து அடைத்த மருந்து. அதைப் பின்பக்கம் செருகிக்கொள்ளலாம், குண்டு மட்டும் முன்பக்கம் போனால் போதும். தோட்டாவை இரண்டாக வெட்டி ஆளுக்கொரு வாசல் வழியாக அனுப்பும் இந்த வித்தையைப் பார்த்துச் சில மாநிலங்கள் தலையாட்டின, சில கையை விரித்தன.

மானுக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. 300 கஜத்தில் கனத்த குண்டு எவ்வளவு தாழும், பக்கக் காற்று அதை எவ்வளவு தள்ளும் என்ற கணக்கு விளம்பரத்தை நம்பி வாங்கியவருக்கும் தெரியாது. வயிற்றில் வாங்கிய மான் புதருக்குள் போய்ப் படுத்துச் சாகப் பல மணி நேரம் ஆகும். உடனே சுட இரண்டாவது வேட்டு கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மரபை அப்படியே காப்பாற்றியிருக்கிறார்கள்.

காட்டோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். 1968-இன் மத்திய துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழம்பொருளுக்கு விலக்கு தந்தது. பாட்டன் சுவரில் மாட்டிய துருப்பிடித்த குழலுக்கு அது நியாயம்தான். 1998-இல் அந்த விலக்கை விரித்தார்கள். கருமருந்தோ அதன் மாற்றோ போட்டு வாய்வழி கெட்டிப்பதாக, தோட்டா போட முடியாததாக, வேறு துப்பாக்கியின் உடலில் கட்டப்படாததாக இருந்தால், நேற்று வார்த்த எஃகும் பழம்பொருள். மத்திய சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கியே அல்ல. உரிமம் பெற்ற வியாபாரி வேண்டாம், பின்னணிச் சோதனை வேண்டாம், செருப்பு வாங்குவதுபோல வீட்டு வாசலுக்கே பெட்டியில் வந்து சேரும்.

மனைவியை அடித்துத் தண்டனை பெற்றவன் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று அதே மத்திய சட்டம்தான் சொல்கிறது. இதைத் தொடலாம், ஏனென்றால் இது துப்பாக்கி அல்ல. சில மாநிலங்கள் தங்கள் சட்டத்தால் அந்த ஓட்டையை அடைத்திருக்கின்றன. அடைக்காத இடங்களில், 300 கஜத்தில் மானைச் சாய்க்கும் என்று விற்கப்படுவது, சமையலறையில் நிற்கும் பெண்ணுக்கு முன்னால் மட்டும் திடீரென்று பழம்பொருளாகிவிடுமா? அவனிடம் கேட்கச் சொல்லி மத்திய சட்டம் ஒரு கேள்வியும் வைக்கவில்லை. கடைதான் கேட்கிறது: கட்டை கறுப்பு நிறத்தில் வேண்டுமா, இலைச் சித்திரம் போட்டதா?