ஓசூருக்கு மூட்டை கட்டலாமா?

மகனுக்கு ஓசூரில் வேலை. ஊர் வீட்டை விற்றுவிட்டு நாங்களும் அங்கேயே போய்விடலாமா?
*(ஒரு வாசகர், விருதுநகர்)*

மகனைக் கேட்டீர்களா, மருமகளைக் கேட்டீர்களா? என்னைக் கேட்கிறீர்களே! ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். அதுவரை ஊர் வீட்டுக்குப் பூட்டு போதும்.

ஓசூர் குளிருமாமே?

கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர். மார்கழியில் விருதுநகர்க்காரருக்குக் குல்லா கட்டாயம். மனை விலை கேட்கும்போது மட்டும் வேர்க்கும்.

பெங்களூரு 40 கிலோமீட்டர்தான், அரை மணியில் போகலாம் என்கிறாரே தரகர்?

அது ஞாயிறு விடியற்காலைக் கணக்கு. திங்கள் காலை எட்டரைக்கு அத்திப்பள்ளி பக்கம் போய்ப் பாருங்கள். முன்னால் லாரி, பின்னால் கம்பெனி பஸ். மதியச் சாப்பாட்டை அங்கேயே பிரித்துவிடலாம்.

தமிழ் மட்டும் தெரிந்தால் போதுமா?

தாராளமாக. ஆனால் காய்கறிக்கார அம்மா தமிழில் விலை சொல்லி, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் சில்லறை எண்ணுவார். மூன்றிலும் கறாராக இருப்பார். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி பக்கத்தில்தான் இருக்கிறது. பேச்சுத் திறமைக்கு மண்வாகும் காரணமோ என்னவோ!

டைட்டன் கடிகாரம் செய்யும் ஊராயிற்றே, எங்களுக்கும் நல்ல நேரம் பிறக்குமா?

கடிகாரத்துக்குத்தான் உத்தரவாதம், ராகு காலத்துக்கு இல்லை.

ஓசூர் 2019-ல் மாநகராட்சியானது. பெயர்ப் பலகை ஒரே நாளில் மாறிவிடும். சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் அந்த வேகம் வராது. மனைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், பெருமழை பெய்த மறுநாள் அந்தத் தெருவில் ஒருமுறை செருப்போடு நடந்து பாருங்கள்.